அஞ்சு சேவல் கறி

ஜனவரி 11, சனி

பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் எங்கள் ஹார்டுவேர் கடைக்குக் கொடுத்த டைரி. இவர் எழுதமாட்டார், போன வருசத்து டைரியில் பல்லிதான் முட்டை வைத்திருந்தது. அதனால் இது எனக்கு.

மகள் சுகுணாவுக்குப் பொங்கல்படிச் சீர் இன்று போனது. வெண்கலப் பானை, பச்சரிசி, மண்டவெல்லம், மஞ்சள்குலை, ஒரு கட்டுக் கரும்பு, அவளுக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. எல்லாம் பார்த்துப் பார்த்து நான் வாங்கியது. ஆனால் கொண்டுபோனது நாங்கள் இல்லை. அவள் வாழ்க்கைப்பட்ட புதியம்புத்தூருக்குப் பைப் லோடு ஒன்று போகிறதாம், அதோடு ஏற்றிவிட்டார். கடை லோடு ஆட்டோ ஓட்டுகிற சதீஷ்குமார் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிட்டான்.

நான் சொல்லத்தான் செய்தேன். "தலைப்பொங்கல். நாம ரெண்டு பேரும் கையில கொண்டு போயி வச்சி, கறிநாளைக்கு வாங்கன்னு நேர்ல சொல்லிட்டு வரணும்."

"தலைத்தீவாளிக்கு நேர்ல போயி அழைச்சாச்சுல்லா? வருசத்துக்கு எத்தனை தரம் அழைக்கது? வியாபார நேரத்துல கடைய யாரு பாப்பா? நான் போன்ல சொல்லிக்கிடுதேன்."

போனிலும் சொல்லிவிட்டார். ரெண்டு நிமிசம்கூடப் பேசவில்லை.

தெருமுனை திரும்பும்வரை ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பைப்புக்கு நடுவே கரும்பு. கொஞ்ச தூரம் போனதும் எது கரும்பு எது பைப் என்று தெரியவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. சுகுணா போனில் பேசினாள், குரலில் சுரத்தில்லை. கேட்டால் "ஒண்ணும் இல்லம்மா" என்கிறாள். ஒண்ணும் இல்லாமல் ஒரு பிள்ளை அப்படிப் பேசுமா?

ஜனவரி 15, புதன்

கழுகுமலையிலிருந்து இவருடைய சித்தப்பா மகன் தங்கப்பாண்டியன் அஞ்சு நாட்டுச்சேவல் கொண்டுவந்து கட்டிப்போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம். நாளைக்குக் கறிநாள், ஊரெல்லாம் கறி சமைக்கிற நாள். அன்றைக்கு மாப்பிள்ளை விருந்து. இவருடைய அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், பஜாரில் பக்கத்துக் கடைக்காரர்கள் என்று எல்லோரையும் சொல்லியிருக்கிறார். மருமகனை எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம். "ஈரலை எல்லாம் மருமவனுக்குத் தனியா எடுத்து வச்சிரு" என்று மூன்று தரம் சொல்லிவிட்டார்.

சேவல்கள் கொல்லையில் கத்திக்கொண்டே இருக்கின்றன. எனக்கு ஏனோ மனசே சரியில்லை.

ஜனவரி 16, வியாழன்

இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஆனாலும் இதில் எழுதாமல் வேறு யாரிடம் சொல்ல?

விடியுமுன் எழுந்து மசாலாவை அம்மியில் அரைத்தேன். மருமகனுக்கு முதல் கறிநாள் விருந்து, மிக்ஸியில் போட மனசு வரவில்லை. மூணு சேவல் குழம்பு, ரெண்டு வறுவல். ஈரல் எல்லாம் மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கிச் சின்ன டப்பாவில். இட்லி ஈடு ஈடாக அவித்தாச்சு. வாசலில் கோலம். இவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

மாப்பிள்ளை கிருஷ்ணராஜ் போன் பண்ணினார். இவர் பெருமைக்கு ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. பொங்கல்படிய பைப்போட சேத்து எறக்கி வச்சிட்டுப் போனாங்க. தெருவே பாத்துச்சு. அப்பாவும் அம்மாவும் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா நேர்ல வந்து ஒரு வார்த்தை கூப்பிடாம, நாங்களா எப்படி மாமா கெளம்பி வர முடியும்?"

மரியாதையாகத்தான் சொன்னார். அதில் என்ன தப்பு? 'மறந்துட்டேன் மாப்ள, இந்தா இப்ப வாரேன்' என்று ஒரு வார்த்தை. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இவர் வாயிலிருந்து அதுவா வந்தது?

"போன்ல சொன்னேம்லா? நான் என்ன வேலவெட்டி இல்லாமயா இருக்கேன்? வரலைன்னா போங்க. இனி உங்க வீட்டுப் படிய நான் ஏறமாட்டேன். எம் மவளும் இங்கன வர வேண்டாம்."

வைத்துவிட்டார். எம் மவளும் வர வேண்டாம். என்ன வாய் அது! பெத்த பிள்ளையைப் பார்த்துச் சொல்ற வார்த்தையா? நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன், குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். "எனக்கு உடம்புக்கு முடியல, விருந்து இன்னொரு நாளைக்கு வச்சிக்கிடுவோம்." கோலத்தைப் பார்த்துக் கேட்ட தெருக்காரர்களுக்கு வேறு கதை. மருமகன் நேற்று ராத்திரியே வந்து, சாப்பிட்டு, அவசரத் தையல் ஆர்டர் என்று விடியுமுன் கிளம்பிப் போய்விட்டாராம்.

"இவ்வளவு கறியையும் என்ன செய்ய? தெருவுல நாலு வீட்டுக்குக் குடுத்துட்டு வாரேன்" என்றேன்.

"ஏட்டி, கதவச் சாத்து. ஒரு கிண்ணம் கறி இந்த வாசலத் தாண்டப்புடாது. கறி போனா கூடவே கதையும் போவும்."

"அப்ப கொட்டிருவோமா?"

"கொட்டுவ. நாயி இழுத்துட்டுத் தெருவெல்லாம் போடும். குப்பை வண்டிக்காரி ஊரெல்லாம் சொல்லுவா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அஞ்சு சேவலை வீட்டுக்குள் மறைக்கிற ஆளை இன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் அண்டா நிறையக் குழம்பு, சட்டி நிறைய வறுவல், அதற்கு முன்னால் நாங்கள் ரெண்டு பேர். இவர் நாலு துண்டு தின்றுவிட்டு எழுந்துவிட்டார். எனக்கு இறங்கவில்லை.

இது போதாதென்று பக்கத்து வீட்டு முப்பிடாதி அக்கா சுவருக்கு மேலாக ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு கிண்ணம் நீட்டினாள். வருசா வருசம் உண்டு. கறி வந்த கிண்ணத்தில் கறிதான் திரும்பிப் போகும், எங்கள் ரெண்டு வீட்டுக்கும் அதுதான் வழக்கம். இந்த வருசம் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்தேன். 'முப்பிடாதி' என்று பேர் வெட்டிய கிண்ணம். என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

தை வெள்ளி. கறி தொடக்கூடாது. பிரிட்ஜில் தட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அண்டாவை அப்படியே உள்ளே தள்ளினேன். பால் பாக்கெட் வெளியே. பருப்புக்குழம்பு வைத்தேன், அதில்கூடக் கோழி வாசம் அடித்தது.

ஜனவரி 18, சனி

விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு என்பார்கள். இன்றோடு மூணு நாள். அண்டா இன்னும் பாதிகூடக் குறையவில்லை.

குழம்பைச் சுண்டக் காய்ச்சினேன். மத்தியானம் சோற்றுக்கு, ராத்திரி தோசைக்கு. இவர் பேசாமல் சாப்பிட்டார். கோழி குருடாக இருந்தாலும் குழம்பு ருசியாக இருந்தால் சரி என்கிற ஜாதி. ருசியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்றைக்குக் கறியை எலும்பிலிருந்து உதிர்த்து, வெங்காயம், முட்டை சேர்த்துத் தோசைமேல் பரத்திக் கறிதோசை. மத்தியானம் கம்பஞ்சோற்றை மோரில் கரைத்து, தொட்டுக்கொள்ள மொறுமொறுவென்று வறுத்த உதிர்த்த கறி. இவர் ரெண்டு தரம் வாங்கிக் குடித்தார். "இது நல்லாருக்கே" என்றார்.

இத்தனை வருசச் சமையலில் ஒரே கறிக்கு இத்தனை வேசம் போட்டதில்லை. மிஞ்சின இட்லியை உதிர்த்து அதில் கறியைக் கொத்திப் போட்டால் கொத்து பரோட்டா மாதிரியே இருக்கிறது. யாராவது கேட்டால் சொல்லிக் கொடுக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள், கதவுதான் சாத்தியிருக்கிறதே.

ஜனவரி 20, திங்கள்

இவர் கடைக்குப் போனதும் சுகுணா போன் பண்ணினாள். மொட்டை மாடியில் நின்று பேசுகிறாள் போல, காற்று சத்தம்.

"ம்மா, அந்தக் கறிய எல்லாம் என்ன செஞ்ச?"

"தின்னுட்டுத்தான் இருக்கோம்."

"ரெண்டு பேருமா?" சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள். "ஈரல யாரு தின்னா?"

"யாரும் திங்கல. ப்ரீசர்ல டப்பாவுல வச்சிருக்கேன்."

"எனக்கா, அவியளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டேன். அத்தை நல்லபடியாகத்தான் இருக்கிறார்களாம். ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சு வந்தாலே இவள் எழுந்து போய்விடுகிறாளாம், அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல். "அப்பா சொன்னது ஸ்பீக்கர்ல அவிய எல்லாருக்கும் கேட்டுச்சும்மா. நான் வர வேண்டாம்னு சொன்னதும்." இவருக்கு ஒரு ஸ்பீக்கர், அங்கே ஒரு ஸ்பீக்கர். ரெண்டு வீடும் கேட்டிருக்கிறது.

என்ன சொல்லித் தேற்ற? "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வருகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. நேற்றே பேப்பரில் போட்டிருந்ததாம், இவர் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. ப்ரீசர் தண்ணீராக ஒழுகியது. இனி வைத்திருக்க முடியாது.

ஊறுகாய் போட்டுவிட்டேன். மிச்சம் இருந்த வறுவல், உதிர்த்த கறி எல்லாவற்றையும் நல்லெண்ணெயில் ஈரம் போகும்வரை வறுத்தேன். பூண்டு முழுசு முழுசாக, அரைத்த காய்ந்த மிளகாய், வறுத்துப் பொடித்த வெந்தயம், கடுகு, கடைசியில் எலுமிச்சம்பழச் சாறு. எண்ணெய் மேலே நிற்கிற வரைக்கும் கிளறினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. எலும்பை எல்லாம் தட்டிப் போட்டு மிளகுரசம்.

ஈரல் டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். நாளைக்கு இது கெட்டுப்போகும். அவள் வரமாட்டாள். வரக்கூடாது என்றல்லவா உத்தரவு. ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈரலை முதலில் போட்டு அதன்மேல் ஊறுகாயை நிரப்பினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 22, புதன்

இவருக்குச் சூடு பிடித்து வயிற்று வலி. வெந்தயமும் மோரும் கொடுத்தேன். "இனிமே கறின்னாலே வேண்டாம்ட்டி" என்று படுத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

துணி காயப்போடும்போது முப்பிடாதி அக்கா பிடித்துக்கொண்டாள். "ஏ சுந்தரி, மருமவன் வந்து நல்லா சாப்பிட்டாராமே?"

"ஆமாக்கா."

"வெள்ளிக்கிழம தவிர தெனமும் ஒங்க வீட்டுக் கறி வாசம் எங்க அடுப்படிக்கு வருது. வந்த ஆளு நல்லா சாப்பிட்டா இம்புட்டு மிச்சம் எப்படிட்டி இருக்கும்?"

நான் அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டேன். அவளும் விட்டுவிட்டாள். "கிண்ணம் மெதுவா வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். கதவைச் சாத்தி என்ன பிரயோசனம், மூக்கைச் சாத்த முடியுமா?

ஜனவரி 23, வியாழன்

போய்விட்டேன். இவரிடம் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு, ஓட்டப்பிடாரம் பஸ்ஸில் ஏறி, அங்கே மாறிப் புதியம்புத்தூர். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவள் பழம், வெற்றிலை, பூ கொண்டுபோக வேண்டும். அதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். அதற்கு அடியில் ஹார்லிக்ஸ் பாட்டில். மிச்சக் கறியை ஊறுகாய் போட்டுச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோன பெண்பிள்ளை இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பசுவந்தனை தாண்டியதும் கரிசல் எல்லாம் கொத்தமல்லி பூத்துக் கிடந்தது. உளுந்து பிடுங்கிக் குவித்திருந்தார்கள். எனக்கு எதையும் பார்க்க முடியவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால்? மகள் முன்னாலேயே அனுப்பிவிட்டால்?

வீட்டு முன்பகுதியில் தையல் மிசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தியம்மா இசக்கிச்செல்வி கழுத்தில் அளவு டேப்போடு வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "வாங்க மைனி" என்று சொல்லக் கொஞ்சம் நேரம் ஆனது. ஆனால் சொன்னாள். சுகுணா உள்ளேயிருந்து ஓடிவந்து, பாதியில் நின்று, மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள். மெலிந்திருக்கிறாள். என் பிள்ளை என் கையைப் பிடிக்க இன்னொருத்தி முகத்தைப் பார்க்கிறது.

நான் பழத்தட்டை வைத்தேன். "மைனி, இது அழைப்பு இல்ல. அவிய வராம நான் ஒத்தையில அழைக்கது முறையில்ல. பிள்ளையப் பாக்கணும்னு வந்தேன். அன்னைக்கு நடந்தது தப்பு. அவிய சொல்லமாட்டாக, நான் சொல்லுதேன்."

அவள் கழுத்து டேப்பைக் கழற்றிச் சுருட்டினாள். நான் பாட்டிலை எடுத்து வைத்தேன். "இது என்னது மைனி?"

"அன்னைக்கு ஒங்களுக்காவ வச்ச கறிதான்." சொல்லிவிட்டேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. "வீணாக்க மனசு வரல. ஊறுகா போட்டுட்டேன். அடியில ஈரல் கெடக்கு, மருமவனுக்குன்னு எடுத்து வச்சது."

அவள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள், "மைனி, கறிநாளு அன்னைக்கு நாங்க கறியே எடுக்கல."

"ஏன்?"

"நீங்க வந்து கூப்பிடுவீங்க, அங்கனதான் சாப்பாடுன்னு. முந்துன நாள் சாயங்காலம் வரைக்கும் பாத்தோம். மறுநா காலையில மவன் புதுவேட்டிய கட்டிட்டு உக்காந்திருந்தான். கடைசி வரைக்கும் பாத்துட்டுத்தான் போன் போட்டான். அதுக்கு அப்புறம் கறிக்கடைக்கு யாரு போவ? ரசம் வச்சேன். தெருவெல்லாம் கறி வாசம். எங்க வீட்டுல ரசம்."

இங்கே அண்டாவை இறக்க ஆள் இல்லாமல் நான் நின்றபோது அங்கே ரசம் கொதித்திருக்கிறது. அவள் எழுந்து போய் இலை போட்டாள். சோறு, ரசம், ஊறுகாய். மூணு பேரும் உட்கார்ந்தோம். சுகுணா கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஈரல் ஒன்றை எடுத்தாள். மாமியார் இலையில் வைத்தாள். அவள் அதைப் பிய்த்துப் பாதியைச் சுகுணா இலையில் திருப்பி வைத்தாள்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது "காரம் கொஞ்சம் கூட, மைனி" என்றாள். கூடத்தான். அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்துக்கு அவ்வளவு குறைவாக மிளகாய் விழுந்ததே பெரிது.

ஜனவரி 24, வெள்ளி

"கண்ணு டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். நல்லாத் தெரியுதாம் என்றேன்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. காக்கைக்குச் சோறு வைத்தேன். இவர் காக்கையைக்கூட நேரில் நின்று ரொம்ப நேரம் கூப்பிட்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் கேட்டார். வயிறு சரியானதும் நாக்குக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"தீந்துபோச்சு."

"ஒரு பாட்டில் முழுசுமா?"

"நான்தான் தின்னேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். நம்பவில்லை. சுகுணா சின்னப் பிள்ளையில் ஊறுகாய் திருடித் தின்பாள், இவர்தான் 'நான்தான் தின்னேன்' என்று அவளுக்காக என்னிடம் பொய் சொல்வார். அதே வார்த்தை. இவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "அவ போன் கீன் பண்ணுனாளா?" என்று கேட்டார். இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"வர வேண்டாம்னு சொன்ன வீட்டுக்கு எதுக்குப் பண்ணுவா?" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன். நானும் எத்தனை நாளைக்குத்தான் மென்று முழுங்க?

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். திருச்செந்தூருக்கு நடக்கிற கூட்டம் போன வாரம் முழுக்க எங்கள் ரோட்டில் போனது. இவர் கடை வாசலில் மோர் ஊற்றினார். ஊரில் இருக்கிற கால் எல்லாம் அவ்வளவு தூரம் நடக்கிறது. இவர் கால் புதியம்புத்தூருக்கு எழும்பமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

கடைக்கு லீவு என்று இவர் பனியனோடு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கார் வந்து நின்றது. சம்பந்தி சௌந்தரபாண்டியனும் இசக்கிச்செல்வியும். கையில் தாம்பாளம். பழம், வெற்றிலை பாக்கு, பூ, எல்லாம் முறையாக.

இவர் சட்டையைத் தேடி உள்ளே ஓடி, பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

சம்பந்திதான் பேசினார். "மாசியில எங்க சொடலமாடன் கோயில் கொடை. செவ்வாக்கெழம கொடை, புதன்கெழம கறிச்சோறு. நீங்க ரெண்டு பேரும் வந்து முன்ன நிக்கணும், அண்ணாச்சி."

இவர் வாய்க்கு வந்த உபசாரத்தைச் சொன்னார். "இதுக்குப் போயி இம்புட்டு தூரம் எதுக்கு? போன்ல ஒரு வார்த்த சொன்னா போதாதா?"

சொல்லி முடித்தபிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முகம் செத்துப்போயிற்று.

இசக்கிச்செல்வி குத்தலாகச் சொல்லவில்லை. வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "போன்ல சொன்னா அது தகவல்லா அண்ணாச்சி. அழைப்புன்னா நாமதான வரணும்."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரெண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார். இவர் துண்டை இடுப்பில் கட்டிச் சாமி சன்னதியில்தான் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவள் பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். கழுவித் துடைத்து, வாய் வரைக்கும் கருப்பட்டி. "வெறும் பாட்டிலக் குடுக்கப்புடாதுல்லா மைனி." நான் இவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன்.

கார் போனபிறகு இவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்ம வீட்டு பாட்டில், மூடியில் இவர் கடைப் பெயிண்ட் தீற்று இருக்கிறது.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனியே, அன்னைக்கா?"

"ம்."

"உப்பு, காரம் எல்லாம் சரியா இருந்துச்சாமா?"

"காரம் கூடவாம். ரசத்துக்கு நல்லாருந்துச்சாம்." அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். புதுவேட்டி, காத்திருந்தது, கறி எடுக்காதது, ரசம்.

"அன்னைக்கு அவிய வீட்டுல கறியே எடுக்கலியா?"

"எடுக்கல."

"இங்கன அஞ்சு சேவல..." என்றார். எழுந்து கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 3, திங்கள்

கடை வாசலில் 'இரண்டு நாள் விடுமுறை' என்று இவரே அட்டையில் எழுதிக் கட்டிவிட்டு வந்தார். கொடைக்குச் சேவல் ஒன்று வாங்கிக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். லோடு ஆட்டோவில் முன்னாலேயே அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். முறைத்தார்.

மார்ச் 5, புதன்

சற்றுமுன்தான் வந்தோம். கால் இரண்டும் கடுக்கிறது, ஆனால் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கொடை நல்லபடியாக நடந்தது. இன்றைக்குப் பந்தியில் இவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். சுகுணாதான் பரிமாறினாள். இவர் இலைக்கு வந்தபோது, "அப்பா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்றாள். இவர் தலையைத் தூக்கவில்லை. "வை. நெறையவே வை" என்றார். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். ரெண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது, கறி காரம் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்குக் காரமே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மாப்பிள்ளை அவராகவே சொன்னார்.

புறப்படும்போது மிச்சக் கறியைத் தூக்குச்சட்டி நிறைய ஊற்றிக் கொடுத்தாள் இசக்கிச்செல்வி. எனக்குப் பக்கென்றது. மறுபடியும் கறியா! பஸ்ஸில் யார் மேலும் சிந்தாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தது இவர்தான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏட்டி, முப்பிடாதியக்கா கிண்ணம் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். பேர் மறைய மறைய அவரே கரண்டியால் அள்ளி ஊற்றினார். சுவர் வழியாகக் கொடுத்துவிடலாம் என்றேன். கேட்கவில்லை. வாசல் வழியாகத் தெருவுக்கு இறங்கி, நேரில் போய்க் கதவைத் தட்டினார்.

"அக்கா, மருமவன் வீட்டுக் கொடைக்கறி."

"மருமவன் வந்தாரா தம்பி?"

"இல்லக்கா. பொங்கலுக்கு அவிய வரல. இப்ப நாங்க போயிட்டு வாரோம்."

அடுப்படியில் நின்று கேட்டேன். "கொண்டா, இப்பவே சுட வச்சித் திங்கேன்" என்றாள் முப்பிடாதி அக்கா.

திரும்பி வந்து வேறொரு கிண்ணம் எடுத்தார். எதிர்வீடு. அப்புறம் மூலைவீடு. அப்புறம் பஜாரில் பக்கத்துக் கடை அண்ணாச்சி வீடு. போய்ப்போய் வந்தார். வாசல் கதவு திறந்தபடியே கிடந்தது.

இப்போது தூக்குச்சட்டியை எட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் எண்ணெய். எனக்கென்று ஒரு துண்டு எடுத்து வைக்க இவருக்குத் தோன்றவில்லை. ரெண்டு இட்லியைப் போட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.